66 மடங்கு வாய்ப்பு, 66இல் ஒரு பங்கு

கேள்வி: சித்தப்பா மகன் சொன்னதன் பேரில் மூன்று மாதத்துக்கு முன்பு ஓர் ஆன்லைன் லாட்டரி குழுவில் சேர்ந்தேன். ஒரு குழுவுக்கு 66 பேர். யூரோமில்லியன்ஸ் லாட்டரியின் வாரம் இரண்டு குலுக்கலுக்கும் எங்கள் சார்பில் கம்பெனியே சீட்டு வாங்குகிறதாம். மாதம் 45 யூரோ கார்டிலிருந்து தானாகப் போய்விடும். "தனியாக வாங்குவதைவிட வாய்ப்பு 66 மடங்கு அதிகம், பத்துக்கு நான்கு குலுக்கலில் பரிசு நிச்சயம்" என்றார்கள். உண்மையிலேயே அடிக்கடி 'வெற்றி' என்று செய்தி வருகிறது, ஆனால் வாலட்டில் ஏறுவது சில்லறைதான். ஐந்து பேரைச் சேர்த்தால் என் பங்கு இலவசமாம், அவர்கள் சேர்ப்பவர்கள், அவர்களும் சேர்ப்பவர்கள் என்று கீழே எட்டு லெவல் வரை கமிஷனாம். இப்போது நண்பர்களைச் சேர்க்கச் சொல்லி நெருக்குகிறார்கள். இது முறையானதா? நம்பி ஆள் சேர்க்கலாமா?

பதில்: ஆள் சேர்க்காதீர்கள். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. முறையானதா என்பதற்குத்தான் கொஞ்சம் பிரித்துப் பேச வேண்டியிருக்கிறது. லாட்டரி உண்மையானது. பலர் சேர்ந்து பணம் போட்டுச் சீட்டு வாங்குவதும் பழைய வழக்கம்தான். ஆனால் அந்த இரண்டின் நல்ல பெயரையும் கடன் வாங்கிக்கொண்டு மூன்றாவதாக ஒன்றை உங்களிடம் விற்றிருக்கிறார்கள்.

உங்களிடம் சொன்ன '66 மடங்கு', 'பத்துக்கு நான்கு' இரண்டும் பொய்யில்லை என்பதுதான் இதில் சுவாரசியம். யூரோமில்லியன்ஸில் 50 எண்களிலிருந்து ஐந்தும், 12 நட்சத்திர எண்களிலிருந்து இரண்டும் எடுக்க வேண்டும். இப்படி எண்களைச் சேர்த்து எடுக்கக்கூடிய விதங்கள், அதாவது மொத்தச் சேர்க்கைகள், 13,98,38,160. நட்சத்திரங்களை மட்டும் பார்த்தால் 12இல் இரண்டை 66 விதமாக எடுக்கலாம். கம்பெனி உங்கள் குழுவுக்கு ஐந்து முதன்மை எண்களை நிலையாக வைத்துக்கொண்டு, அந்த 66 நட்சத்திர ஜோடிகளுக்கும் ஒவ்வொரு சீட்டு போடுகிறது. நட்சத்திரம் எது வந்தாலும் குழுவின் கையில் இருக்கும். ஐந்து எண் பொருந்தினால் போதும், அதற்கான வாய்ப்பு 21,18,760இல் ஒன்று.

ஆக, வாய்ப்பு 66 மடங்கு கூடியது குழுவுக்கு. வருகிற பரிசில் உங்களுக்கு 66இல் ஒரு பங்கு. பெருக்கியதை அப்படியே வகுத்தாயிற்று. ஜாக்பாட்டின் குறைந்தபட்சத் தொகையான 1.7 கோடி யூரோ விழுந்தாலும் ஆளுக்கு ஏறத்தாழ 2,57,500 யூரோ வரும். அதோடு கீழ்நிலைப் பரிசுகளின் பங்கும் சேரும். நல்ல தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் சராசரியாகக் கணக்குப் போட்டால், ஒரு குலுக்கலுக்கு உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சீட்டின் மதிப்பு. அதற்கு மேல் கால் சென்ட்கூடக் கிடையாது.

அடிக்கடி வரும் 'வெற்றி' செய்திக்கும் இதே அமைப்புதான் காரணம். நிலையான ஐந்து எண்களில் ஒன்றுகூட வராத குலுக்கல்கள் சுமார் 58 சதவீதம், அன்று பரிசில்லை. ஒன்று மட்டும் வருவது 35 சதவீதம். அன்று 66 சீட்டில் சரியான நட்சத்திர ஜோடி உள்ள ஒரே சீட்டு 'ஒரு எண், இரண்டு நட்சத்திரம்' என்ற பிரிவில் ஜெயிக்கும். அந்தப் பரிசு பெரும்பாலும் பத்து யூரோவை ஒட்டித்தான் இருக்கும். அதை 66ஆல் வகுத்தால் பதினைந்து சென்ட். உங்கள் கைபேசிக்கு 'வாழ்த்துகள்' வந்துவிடும், வாலட்டில் பதினைந்து சென்ட் ஏறும். இரண்டோ அதற்கு மேலோ எண்கள் வரும் 7 சதவீதக் குலுக்கல்களில்தான் 66 சீட்டுக்கும் பரிசு உண்டு. அப்போதும் இரண்டு எண் மட்டும் வந்திருந்தால் ஆளுக்குச் சில யூரோ. வருடத்துக்கு 104 குலுக்கல் என்று வைத்தால் இப்படி ஏழெட்டு முறை நடக்கும். 35ஐயும் 7ஐயும் கூட்டுங்கள், 'பத்துக்கு நான்கு' வந்துவிடும். தனிச் சீட்டு வாங்குபவருக்கு 13 முறைக்கு ஒருமுறை ஏதாவது விழும், விழுந்ததை முழுதாக வைத்துக்கொள்வார்.

இனி விலைக்கு வருவோம். விஷயமே இங்கேதான் இருக்கிறது. வாரம் இரண்டு குலுக்கல் என்றால் மாதத்துக்குச் சராசரி 8.67. யூரோ நாடுகள் பெரும்பாலானவற்றில் ஒரு சீட்டு 2.50 யூரோ. உங்கள் பங்குக்கு வாங்கவேண்டிய சீட்டின் விலை மாதம் 21.67 யூரோ. நீங்கள் கட்டுவது 45. மிச்சம் 23 யூரோவுக்கு மேல் சீட்டாக மாறவே இல்லை. எங்கே போகிறது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்: ஐந்து பேர் சேர்ந்தால் உங்கள் 45 யூரோ இலவசம் என்றால், ஒவ்வொருவரின் கட்டணத்திலிருந்தும் 9 யூரோ உங்களுக்கு வருகிறது என்று அர்த்தம். மீதி பதினான்கு சொச்சம் உங்களுக்கு மேலே இருக்கும் லெவல்களுக்கும் கம்பெனிக்கும் பங்காகிறது.

லாட்டரியே விற்ற பணத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் பரிசாகத் திருப்பித் தருகிறது. எனவே நேரடியாகச் சீட்டு வாங்குபவரின் 45 யூரோவுக்கு நீண்டகாலச் சராசரியில் 22 யூரோ திரும்பும், உங்கள் 45 யூரோவுக்கு 11கூடத் திரும்பாது. அந்த 11இலும் பெரும்பகுதி ஜாக்பாட், அதற்கடுத்த பெரிய பரிசுகள் என்று உங்கள் ஆயுளில் வர வாய்ப்பில்லாத இடத்தில் கிடக்கிறது. பரிசிலிருந்து 'நிர்வாகக் கட்டணம்' பிடிக்கும் கம்பெனிகளும் உண்டு, உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள்.

கம்பெனி ஆட்களைக் கேட்டால், "சீட்டு தொலையாது, பரிசு வந்ததா என்று பார்க்கும் வேலை இல்லை, அந்தச் சேவைக்குக் காசு" என்பார்கள். அந்தச் சேவைக்கு ஒரு மதிப்பு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் லாட்டரி நடத்தும் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் கணக்கு தொடங்கினால் சீட்டு உங்கள் பெயரில் பதிவாகிறது, சிறிய பரிசு தானாகக் கணக்கில் ஏறுகிறது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

எனவே ஒரே ஒரு கேள்வி போதும். கமிஷன் திட்டத்தை முழுக்க எடுத்துவிட்டால், 21.67 யூரோ பெறுமானமுள்ள சீட்டை 45 யூரோ கொடுத்து யாராவது வாங்குவார்களா? வாங்க மாட்டார்கள் என்றால் அங்கே விற்பனைப் பொருள் சீட்டு அல்ல, ஆள் சேர்க்கும் உரிமைதான். உலகெங்கும் பிரமிட் திட்டங்களை, அதாவது ஆள் சேர்ப்பதிலேயே பணம் சுழலும் திட்டங்களை, பிடிக்கச் சட்டம் கேட்பதும் இதையே. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் காஸ்காட் வழக்கில் வகுத்த அளவுகோல், பணம் கட்டி ஒருவர் பெறும் ஊதியம் கடைசி நுகர்வோருக்கு விற்ற பொருளோடு தொடர்பில்லாமல், ஆள் சேர்த்ததற்காக வருகிறதா என்று பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு நியாயமற்ற வணிக நடைமுறை வழிகாட்டல், எந்தச் சூழலிலும் கூடாதவை என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. விற்பனையைவிட ஆள் சேர்ப்பால் வருமானம் வரும் திட்டம் அதில் ஒன்று. இந்தியாவில் 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் இன்னும் கடுமை. நடத்துபவரோடு நிற்காது, உறுப்பினராகச் சேர்வதும் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. நேரடி விற்பனைக்கான 2021ஆம் ஆண்டு விதிகளும் பிரமிட் திட்டத்தை விலக்குகின்றன.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அது முக்கியம், ஏனென்றால் லாட்டரிக்கென்று தனிச் சட்டம் வேறு இருக்கிறது. யூரோமில்லியன்ஸை ஒன்பது நாடுகளின் லாட்டரி நிறுவனங்கள் சேர்ந்து நடத்துகின்றன. அந்தந்த நாட்டில் விற்க அந்தந்த நிறுவனத்துக்குத்தான் உரிமை. எல்லை தாண்டி வெளிநாட்டு லாட்டரி விற்பதும் வாங்குவதும் பல நாடுகளில் தடை. அமெரிக்காவில் தபாலிலோ தொலைபேசியிலோ வெளிநாட்டு லாட்டரி ஆடுவது மத்தியச் சட்டப்படி குற்றம். இந்தியாவிலிருந்து லாட்டரிச் சீட்டுக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் தடுக்கின்றன. இங்கே கம்பெனிகள் ஒரு தந்திரம் செய்வார்கள். 'லைசென்ஸ்' என்று கேட்டால் கம்பெனிப் பதிவுச் சான்றிதழை நீட்டுவார்கள். கம்பெனி பதிவு செய்ய யாரும் லாட்டரி அனுமதி கேட்பதில்லை. நீங்கள் கேட்க வேண்டியது, உங்கள் நாட்டில் உங்களைப் போன்ற ஒருவருக்கு இதை விற்க அங்கீகரித்த சூதாட்ட ஒழுங்குமுறை அமைப்பின் பெயரும் உரிம எண்ணும். எண் கொடுத்தால் அந்த அமைப்பின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், அவர்கள் அனுப்பும் இணைப்பைத் தட்டாதீர்கள்.

இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள்: அவர்கள் சீட்டு வாங்குகிறார்களா, அல்லது குலுக்கல் முடிவின் மீது பந்தயம் கட்டுகிறார்களா? இரண்டும் வேறு. பந்தயம் என்றால் பரிசு தரவேண்டியது லாட்டரி நிறுவனம் அல்ல, அந்தக் கம்பெனியோ அதன் காப்பீட்டாளரோதான். பிரிட்டனில் 2018 முதல் யூரோமில்லியன்ஸ் முடிவுகள் மீது இப்படிப் பந்தயம் வாங்கவே தடை. ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் 'சீட்டு வாங்கப்படும்' என்று இருக்கிறதா, 'முடிவின் அடிப்படையில் வழங்கப்படும்' என்று இருக்கிறதா என்று தேடுங்கள்.

சீட்டுதான் வாங்குகிறோம் என்றால் கேட்டுப் பெற வேண்டிய சான்று ஒன்றே ஒன்று: குலுக்கலுக்கு முன்பே உங்கள் கைக்கு வந்த, நாளும் நேரமும் தெரியும் 66 சீட்டுகளின் நகல். குலுக்கல் முடிந்தபின் டாஷ்போர்டில் (கம்பெனித் தளத்தில் உள்ள உங்கள் கணக்குப் பக்கத்தில்) தெரியும் எண்கள் எதையும் நிரூபிக்காது. பிறகு, உங்கள் குழுவில் நிஜமாகவே 66 பேர் இருக்கிறார்களா என்று கேளுங்கள். 40 பேர்தான் என்றால் மிச்சம் 26 சீட்டுக்கு யார் பணம் போட்டது? கம்பெனி போட்டது என்றால் பரிசில் 26 பங்கு அவர்களுடையது, அது எழுத்தில் இருக்க வேண்டும். யாரும் போடவில்லை என்றால் எல்லா நட்சத்திர ஜோடியும் கையில் இல்லை, '66 மடங்கு' அப்போதே போயிற்று. ஆயிரக்கணக்கான குழு வைத்திருக்கும் கம்பெனியில் இரண்டு குழுவுக்கு ஒரே ஐந்து எண்ணைக் கொடுத்திருக்கிறார்களா என்பதும் பார்க்கத் தக்கது. அப்படி இருந்தால் ஜாக்பாட்டை உங்களுக்குள்ளேயே இன்னொரு முறை வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். பெரிய பரிசு விழுந்தால் பணம் எந்தக் கணக்குக்குப் போகும், அது கம்பெனியின் நடப்புக் கணக்கா, உறுப்பினர்களுக்காகத் தனியே வைத்த அறக்கட்டளைக் கணக்கா என்பதற்கும் எழுத்தில் பதில் வேண்டும். நடப்புக் கணக்கு என்றால், கம்பெனி திவாலானால் நீங்கள் அதற்குக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசியில் நிற்பீர்கள்.

ஆள் சேர்ப்புக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஆளுக்கு ஐந்து பேர், எட்டு லெவல் என்றால் உங்களுக்குக் கீழே 4,88,280 பேர். கூட்டத்தில் பிளான் காட்டும்போது இந்த எண்ணுக்குத்தான் கமிஷன் பெருக்கிக் காட்டுவார்கள். அதற்கும் கீழே இன்னும் ஆறே லெவல் போனால் உலக மக்கள்தொகை கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். அதைவிட முக்கியமான உண்மை, ஐந்து ஐந்தாகக் கிளைக்கும் மரத்தை எந்த நாளில் நிறுத்திப் பார்த்தாலும் அதில் இருப்பவர்களில் 80 சதவீதம் கடைசி லெவலில் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஒருவரும் கிடையாது, முழு 45 யூரோ கட்டுபவர்கள் அவர்களே. திறமை, உழைப்பு, 'நெகட்டிவ் மைண்ட்' எதுவும் இந்த 80ஐ மாற்றாது. நிஜத்தில் மரம் இவ்வளவு அழகாக வளர்வதும் இல்லை. மூன்று நான்கு மாதம் சில்லறைப் பரிசைப் பார்த்துவிட்டு ஆட்கள் நின்றுவிடுவார்கள், இலவசப் பங்கைக் காப்பாற்ற நீங்கள் மாதாமாதம் புதிதாக ஆள் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

கூட்டங்களில், எல்லாச் சேர்க்கைகளையும் வாங்கி லாட்டரி ஜெயிக்கும் உத்திக்குப் பெயர்போன ஸ்டீபன் மாண்டலின் கதை சொல்லியிருப்பார்கள். 1992இல் அவரது குழு அமெரிக்காவின் வர்ஜீனியா லாட்டரியில் 2.7 கோடி டாலர் ஜெயித்தது உண்மை. அன்று அந்த லாட்டரியில் மொத்தச் சேர்க்கைகளே 70,59,052. சீட்டு ஒரு டாலர். எல்லாச் சேர்க்கையையும் வாங்கும் செலவைவிட ஜாக்பாட் பல மடங்கு பெரிதாக இருந்த ஒரு குலுக்கலுக்காகக் காத்திருந்து வாங்கினார்கள், அதிலும் நேரம் போதாமல் சுமார் 50 லட்சம் சேர்க்கைகள்தான் முடிந்தன. யூரோமில்லியன்ஸின் கிட்டத்தட்ட 14 கோடிச் சேர்க்கைகளில் ஒவ்வொரு வாரமும் 66ஐ வாங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் வாலட்டில் இருப்பதை எடுக்க முயலுங்கள், தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. குறைந்தபட்ச வரம்பு, 'கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) கட்டணம்', 'வரி முன்பணம்' என்று எதைக் காட்டித் தடுக்கிறார்கள் என்பதே கம்பெனியைப் பற்றிச் சொல்லிவிடும். பணத்தை விடுவிக்கப் பணம் கேட்டால் ஒரு பைசா கட்டாதீர்கள். டாஷ்போர்டு, ஒப்பந்தம், கமிஷன் பட்டியல், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள், விலகிய அன்றே லாகின் மூடிவிடுவார்கள். பிறகு மின்னஞ்சலில், எழுத்தில், விலகுவதாகவும் இனி கார்டில் பணம் எடுக்க அனுமதி இல்லை என்றும் தேதியோடு தெரிவியுங்கள். அதே நாளில் வங்கியிடமும் அந்த வணிகருக்குப் போகும் தொடர் கட்டணத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கார்டை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். புது கார்டு எண் வணிகருக்குத் தானாகவே போய்ச் சேரும் ஏற்பாடு கார்டு நிறுவனங்களில் உண்டு, பிடித்தம் தொடரக்கூடும். எழுத்தில் விலகிய பின்னும் எடுத்தால், அந்தத் தொகைக்கு வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்க அந்த மின்னஞ்சலே ஆதாரம்.

சித்தப்பா மகனிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவரும் அனேகமாக அந்த 80 சதவீதத்தில்தான் இருப்பார். 45 யூரோ, 21.67 யூரோ என்ற இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் காட்டி, நடுவில் இருப்பது என்ன என்று அப்லைனிடம், அதாவது அவரைச் சேர்த்தவரிடம், கேட்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் ஏற்கெனவே யாரையாவது சேர்த்திருந்தால் அவர்களுக்கு இதை நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. சில நாடுகளில் சேர்த்தவர் மீதும் வழக்கு வரும் என்பதால் மட்டும் சொல்லவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்துத்தானே அவர்கள் கார்டு எண்ணைக் கொடுத்தார்கள்.

லாட்டரி ஆடும் ஆசை இருந்தால், அது உங்கள் நாட்டில் சட்டப்படி செல்லும் என்றால், தெரிந்த பத்துப் பேர் சேர்ந்து குழு வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: யார் யார், ஆளுக்கு எத்தனை பங்கு, எந்த எண்கள், சீட்டு வாங்குபவர் யார், எந்தக் கிழமை எத்தனை மணிக்குள் பணம் தர வேண்டும், ஒருவர் ஒரு வாரம் தரத் தவறினால் அந்த வாரப் பரிசில் அவருக்குப் பங்கு உண்டா இல்லையா. தகராறு பெரும்பாலும் இந்தக் கடைசி வரியில்தான் வெடிக்கும். சீட்டின் படம் குலுக்கலுக்கு முன் எல்லோருக்கும் போய்விட வேண்டும். ஒப்பந்தத்தில் எல்லோர் கையெழுத்தும் இருப்பது வரிக்கும் நல்லது. இல்லையென்றால் பரிசைப் பெற்றவர் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்ததை அன்பளிப்பு என்று வரித்துறை எடுத்துக்கொள்ளும் நாடுகள் இருக்கின்றன.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட திட்டத்திலிருந்து விலகியவர்களின் பட்டியல் கைமாறும். சில மாதம் கழித்து வழக்கறிஞர் என்றோ, அரசு மீட்புப் பிரிவு என்றோ யாராவது அழைத்து, நீங்கள் கட்டிய 135 யூரோவையும் 'சேர்ந்திருக்கும் பரிசையும்' மீட்டுத் தருவதாகச் சொல்வார்கள், அதற்கு ஒரு சிறிய கட்டணம் கேட்பார்கள். அந்த எண்ணைத் தடுத்துவிட்டு, வங்கிக்கும் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவுக்கும் தெரிவியுங்கள்.